மரபணுவும் மரபும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர் அக்காட்சியை எளிதில் மறவார். 1957இல் அகழத் தொடங்கிய அச்சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டி அகற்றிய பின்னரே பழுப்பு நிலக்கரி கிட்டுகிறது. வெட்டுமிடம் தவறினால் கரியோடு மண்ணும் கலந்துவிடும்.

நம் உயிரணுக்களிலும் இத்தகைய பணி நடைபெறுகிறது. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் செய்தியில் வேண்டாத பகுதிகள் இடையிடையே உள்ளன. அவற்றை வெட்டி நீக்கி, வேண்டியவற்றை ஒட்டிய பின்னரே புரதம் உருவாகிறது. மரபணுக்கள் இவ்வாறு துண்டுபட்டிருப்பதை 1977இல் கண்டறிந்தமைக்காக ரிச்சர்டு ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் ஆகிய இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

வெட்டி ஒட்டும் கருவியே பழுதுபட்டால் என்னாகும்? மயலோடிஸ்பிளாசியா என்பது பெரும்பாலும் முதியோரைத் தாக்கும் எலும்பு மஜ்ஜை நோய். குருதிப் புற்றில் ஒரு வகை. அந்நோயாளருள் பலரிடம் அக்கருவிக்குரிய மரபணுக்கள் பிறழ்ந்திருப்பதை 2011இல் செய்ஷி ஒகாவா தலைமையிலான ஜப்பானியக் குழுவினர் வெளியிட்டனர். எஸ்.எஃப்.3பி1 என்னும் மரபணு பிறழ்ந்தால் வெட்டுமிடம் மாறுகிறது. இரும்பைப் பயன்படுத்த உதவும் புரதம் குன்றுகிறது. வளரும் சிவப்பணுக்களில் இரும்பு வீணே குவிகிறது. இரும்பு மிகுந்திருந்தும் இரத்தசோகை! சிலரிடம் இந்நோய் கடும் வெள்ளணுப் புற்றாகவும் முற்றுகிறது.

தமிழ் பயில்வோர் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்று இங்குண்டு. ‘மரபணுப் பிறழ்வு’ என்று மருத்துவர் சொன்னதும், அச்சொல்லிலுள்ள ‘மரபு’ வீட்டாரை அச்சுறுத்துகிறது. பாட்டனாருக்கு வந்தது பேரனுக்கும் வருமென எண்ணுகின்றனர். பேத்தியின் திருமணப் பேச்சு தடைப்படுமென அஞ்சி நோயை மறைக்கின்றனர். உண்மை வேறு. இப்பிறழ்வு பெரும்பாலும் பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜையின் ஓர் உயிரணுவில் தோன்றிப் பெருகுவது. அது பிள்ளைகளுக்குச் செல்வதன்று; பிறருக்குத் தொற்றுவதுமன்று. பரம்பரையாக வரும் வகைகள் மிக அரியவை.

மறைப்பதால் விளையும் கேடோ பெரிது. பெரியவரின் சோர்வை முதுமை என்று கருதி, இரும்புச்சத்து மாத்திரையிலேயே மாதங்கள் கழிகின்றன. குருதிச் சோதனையும் மஜ்ஜைச் சோதனையும் செய்தால் நோய் வெளிப்படும். 1954 முதல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. நெய்வேலியினர்க்குப் புதுவை ஜிப்மர் அருகில் உண்டு. இவ்வகைச் சோகைக்கான லஸ்பேட்டர்செப்ட் என்னும் மருந்து 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சமுதாயப் பெரியோர் இவ்வுண்மையைத் தத்தம் இல்லங்களில் எடுத்துரைத்தல் வேண்டும். புதுச்சொற்களைப் படைப்பதோடு தமிழ் மாணவரின் கடமை முடிந்துவிடுவதில்லை. படைத்த சொல் எளியோர் மனத்தில் வீண் அச்சத்தை விதைக்குமாயின், அதனை நீக்குமாறு பொருளை விளக்குதலும் தமிழ்த்தொண்டே ஆகும்.