அட்டையில் 400, ஆடத் தேறுவது எத்தனை?

சம்பள நாள் சாயங்காலம். சென்னைக் கடற்கரை ரெயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ரெயில் பிடிக்க ஓடுகிற கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தொழிலாளி. பக்கத்தில் அவர் பையன். பையனின் கண், கடையில் தொங்கும் உள்ளங்கை அளவு ‘கேம்’ பெட்டி மேல்!

“அண்ணே, இதுல எத்தினி கேம் கீது?”

“நானூறு கேம் சார்! பேட்டரி, டி.வி. வயர் எல்லாம் சேத்துதான். எடுத்துக்கினு போங்க.”

கொஞ்சம் பேரம். சில நூறு ரூபாய் கை மாறுகிறது. ராயபுரம் தாண்டுவதற்குள் பையன் பொத்தானை அழுத்த ஆரம்பித்து விடுகிறான். திருவொற்றியூரில் இறங்கும்போது முகம் வாடி விட்டது.

“நைனா, வந்ததே திரும்பத் திரும்ப வருது!”

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். நானூறு ஆட்டம் என்று சொன்னார்களே, அது எங்கே போயிற்று? உண்மையில் அந்தப் பெட்டியில் உருப்படியான ஆட்டம் இருக்கிறதா, இல்லையா?

அன்று 9999!

இந்த எண் வித்தை இன்று நேற்று வந்தது அல்ல. 1990-களில் இதே பஜாரில் ‘பிரிக் கேம்’ வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் “9999 ஆட்டங்கள்” என்று போட்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் கட்டம் அடுக்குவது, பாம்பு, கார், டாங்கி என்று விரல் விட்டு எண்ணி விடலாம். ஒரே ஆட்டம் மெதுவாக ஓடினால் ஒரு கணக்கு; வேகமாக ஓடினால் இன்னொரு கணக்கு!

இப்போது வருவது கலர் பெட்டி. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி, 1980-களில் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி டி.வி.யில் ஆட விற்ற கருவிக்காகச் செய்யப்பட்டவை. உரிமம் வாங்காமல் நகல் எடுத்து நிரப்பியவை. பெயரை மாற்றினால் ஒன்று, நிறத்தை மாற்றினால் இன்னொன்று என்று எண்ணிக்கை ஏறுகிறது.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் உண்டான பஜார் அது. வந்த சரக்கை அவர் விற்கிறார். அட்டையை அச்சடித்தவர் அவர் அல்ல.

நாலே நாலு!

சரி, ஒரு பெட்டிக்கு எத்தனை ஆட்டம் இருந்தால் போதும்?

1980-ல் நிண்டெண்டோ, ‘கேம் அண்டு வாட்ச்’ என்ற கையடக்கக் கருவியைக் கொண்டு வந்தது. அதை உருவாக்கியவர் குன்பெய் யோகோய். ரெயிலில் ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக் கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம்! ஒரு கருவிக்கு ஒரு ஆட்டம்தான். இன்னொரு ஆட்டம் வேண்டுமா? இன்னொரு கருவி வாங்க வேண்டும். அப்படியும் 4 கோடிக்கு மேல் விற்றது.

அடுத்து 1989 ஏப்ரலில் ‘கேம்பாய்’. ஜப்பானில் விற்பனைக்கு வந்த அன்று அதற்கு இருந்த ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? நாலே நாலு!

படமோ கறுப்பு, பச்சை. போட்டிக்கு வந்த சேகா கம்பெனியின் பெட்டியில் கலர் படம். ஆனால் அது ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்து விடும். கேம்பாய் நாலு பேட்டரியில் அதைவிடப் பல மணி நேரம் ஓடியது. அதோடு ‘டெட்ரிஸ்’ என்ற ஆட்டமும் சேர்ந்தது. 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் கண்டுபிடித்தது. ஏழே ஏழு வடிவக் கட்டங்கள். துறைமுகத்தில் கண்டெய்னர் அடுக்குகிற மாதிரி இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்! அதைப் பெரியவர்களும் ஆபீசுக்குப் போகும் வழியில் ஆடினார்கள். பின்னால் வந்த கலர் கேம்பாயையும் சேர்த்து விற்றது 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல்.

சோனிக்கு விழுந்த அடி

அதற்காக ஆட்டமே வராவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம் அல்ல. சோனி கம்பெனி 2011 டிசம்பரில் ‘வீட்டா’ என்ற பெட்டியை ஜப்பானில் இறக்கியது. 2012-ல் இந்தியாவுக்கும் வந்தது. பளபளக்கும் திரை. முன்னாலும் தொடலாம், பின்னாலும் தொடலாம். குறை சொல்ல முடியாத எந்திரம். ஆனால் மெமரி கார்டுக்குத் தனியாகத் தண்டம் அழ வேண்டும். ஆட்டம் செய்கிறவர்களோ செல்போன் பக்கம் போய்விட்டார்கள். புதுசாகப் பெரிய ஆட்டங்கள் வரத்து குறைந்தது. 2019-ல் உற்பத்தியே நின்று போனது.

எந்திரம் எவ்வளவு உசத்தி ஆனாலும் ஆட்டம் இல்லாவிட்டால் அது அலமாரியில் தூங்கும். எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் ஆட்டம் ருசிக்காவிட்டால் அதுவும் அலமாரியில்தான் தூங்கும்.

வடசென்னைக்குத் தெரியாததா?

இதை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரு முனையில் ஒரு கேரம் பலகை. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஆக 19 காய், ஒரு ஸ்டிரைக்கர். ஒரே ஆட்டம்! அலுத்துப் போயிற்று என்று எவராவது சொன்னதுண்டா?

அதை ஆடித்தான் வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸ் நாட்டில் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் மகள் காசிமா, அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்று வந்தார். நானூறு ஆட்டம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நல்ல ஆட்டத்துக்கு அடையாளம் இதுதான்: நேற்றுத் தோற்றவன் இன்று மறுபடி உட்கார வேண்டும். ஏன் தோற்றோம் என்று அவனுக்குப் புரிய வேண்டும். நாளைக்கு இன்னும் கொஞ்சம் தேற வேண்டும்.

“போன்லயே ஆடலாமே?”

“எதுக்குப் பெட்டி? போன்ல எல்லாம் ஓசியிலே வருதே!” என்று கேட்பவர்கள் உண்டு. ஓசிதான். ஆனால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். அடுத்த கட்டத்துக்குப் போக, “காசு கட்டு” என்று கேட்கும். பந்தயம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களால் குடும்பங்கள் நாசமானதால்தானே தமிழக அரசு 2022-ல் சட்டம் போட்டது? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது.

அந்தச் சின்னப் பெட்டிக்கு இன்டர்நெட் கிடையாது. அப்பாவின் பாங்கிக் கணக்கு அதற்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் போனைவிட அது யோக்கியன்!

வாங்கும் முன்...

ஆகவே கேள்விக்குப் பதில்: அந்தப் பெட்டியில் நல்ல ஆட்டம் இருக்கிறது. நானூறில் பத்து தேறினாலும் ஒரு பையனுக்குப் போதும். ஆனால் அந்தப் பத்துக்கு என்ன விலை தகுமோ, அதைத்தான் கொடுக்க வேண்டும். நானூறுக்கு என்று நினைத்து ஒரு நாள் கூலியைக் கொட்டக் கூடாது.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பட்டியலைக் கடைசி வரை ஓட்டுங்கள். நூறைத் தாண்டியதும் பழைய ஆட்டமே வேறு பெயரில் வருகிறதா என்று கவனியுங்கள். பொத்தான் அழுத்தினால் உடனே கேட்கிறதா? பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிறதா? பழைய நோக்கியா போன் பேட்டரி பொருந்துகிற பெட்டி என்றால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, பையன் கையில் பத்து நிமிஷம் கொடுங்கள். ஒரே ஆட்டத்தை மூன்றாவது தடவை அவனே தொடங்கினால், அந்தப் பெட்டியை நம்பி வாங்கலாம்.

அடுத்த சம்பள நாளில் பர்மா பஜாரில் நிற்கும் தகப்பனார், “எத்தினி கேம் கீது?” என்று கேட்க வேண்டாம்.

“எது நல்லா இருக்கும்? ஆடிக் காட்டுங்க அண்ணே!” என்று கேட்கட்டும்.