நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சபையா?

புதிதாகச் சபை தொடங்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், யாருக்காக என்று கேட்பார்கள். பதில் இப்போதெல்லாம் தயாராக இருக்கிறது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகளுக்காக. ஆங்கிலத்தில் ஆராதிக்க விரும்பும் படித்த குடும்பங்களுக்காக. ஒரே மாதிரி ஆட்களைச் சேர்த்தால்தான் சபை வளரும் என்ற நம்பிக்கையை ஊழியக்காரர்களும் கேள்வி கேட்பதில்லை, காணிக்கை கொடுப்பவர்களும் கேள்வி கேட்பதில்லை. இந்த நம்பிக்கை தவறானது. புதிய சபை எதற்காகத் தொடங்கப்பட வேண்டுமோ, அந்த நோக்கத்தை அது முதல் ஞாயிறிலேயே அழித்துவிடுகிறது.

திருவான்மியூரை எடுத்துக்கொள்வோம். மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கிழக்கே கடலோரத்தில் மீனவர் குப்பம். கூப்பிடு தூரத்தில் வால்மீகி நகரின் தனி வீடுகளும் அடுக்ககங்களும். மேற்கே, ரயில் நிலையத்தைத் தாண்டினால் டைடல் பார்க். 2000-ல் அது திறந்த பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவர்கள் ஏராளம். அவர்கள் வீடுகளில் சமைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிற பெண்களில் சிலர் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். நகருக்குள் இருந்த குடிசையை இழந்து அங்கே அனுப்பப்பட்ட குடும்பங்கள் அவை.

கிறிஸ்தவர்கள் இந்த எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ஏசி ஹாலில் கிடார் ஒலிக்க ஆராதனை தொடங்கும்போது, அங்கே பாடுகிறவரின் வீட்டுச் சமையலறையில் இன்னொரு விசுவாசி இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருடைய சபை சாயங்காலம், தகரக் கூரை போட்ட மொட்டை மாடியில் கூடும். இருவருக்கும் ஒரே வேதாகமம், ஒரே கர்த்தர். ஆயுள் முழுவதும் ஒரே அப்பத்தில் இருவரும் பங்கு பெறப்போவதில்லை. யாரும் யாரையும் விரட்டவில்லையே என்பார்கள். விரட்டத் தேவையே இல்லாதபடி நேரமும் மொழியும் இடமும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. அதை வகுத்தவர் டொனால்டு மெக்கவ்ரன். மத்திய இந்தியாவிலுள்ள தமோவில் 1897-ல் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து, இந்தியாவிலேயே பல்லாண்டு ஊழியம் செய்தவர். சாதி, மொழி, வர்க்க எல்லைகளைத் தாண்டச் சொல்லாமல், அவரவர் கூட்டத்துக்குள் இருந்தபடியே மக்கள் கிறிஸ்தவர்களானால் சபைகள் வேகமாகப் பெருகும் என்பது அவர் சொன்னதன் சாரம். 1955-ல் வந்த அவரது நூலும், 1965-ல் கலிபோர்னியாவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் அவர் தொடங்கிய பள்ளியும் இதை உலகமெங்கும் பரப்பின. நம் சாதி அமைப்பைப் பார்த்துக் கற்ற பாடம் அமெரிக்காவில் 'சபை வளர்ச்சி' ஆகி, பயிற்சி முகாம்கள் வழியாக நம் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

அதே 1965-ல் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராகப் பொறுப்பேற்ற லெஸ்லி நியூபிகின், எண்ணிக்கைப் பெருக்கத்தைச் சபையின் அளவுகோலாக்க வேதத்தில் ஆதாரமில்லை என்று எழுதி மறுத்தார். அவர் பெயரை மரியாதையோடு சொல்லும் நம் ஊழியக்காரர்கள், நடைமுறையில் மெக்கவ்ரனின் வழியில்தான் போகிறார்கள்.

கோட்பாடு வருவதற்கு முன்பே நம் முன்னோர் இதைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியிருக்கிறார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870-களில் எழுந்த கோயிலுக்கு இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இரண்டும் பீடத்தில் மட்டும் சந்திக்கும்; ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க வேண்டியதில்லை. 1910-ல் பங்குக் குரு தடுப்பை இடித்தபோது வேளாளர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இது நடந்த ஊர் எது தெரியுமா? சாதி பாராமல் எல்லோருடனும் பழகிய தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர். அவருக்கு 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவருக்காக எத்தனை பேர் வெட்கப்பட்டோம்?

தள்ளப்பட்டவர்கள் தனியே போனதும் உண்டு, அதை இதோடு சேர்க்கக் கூடாது. நாசரேத்துப் பக்கத்தில் 1857-ல் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் மிஷனரி ஆதிக்கத்தை எதிர்த்து இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்குக் காரணம் பெரிய கோயிலில் அவர்கள் பட்ட அவமானம். 2008 மார்ச்சில் இதனால் எழுந்த மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போகும் அளவுக்கு முற்றியது. மானத்தோடு கும்பிட இடமில்லாதவர் தமக்கென்று ஓர் இடம் கேட்பது நியாயம். எல்லாக் கதவும் திறந்திருக்கிறவர்கள் தங்களுக்குள் கூடிக்கொள்ள இன்னொரு கதவு செய்வதற்கு அந்த நியாயத்தைக் கடன் வாங்க முடியாது.

மொழி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். தமிழ் தெரியாமல் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கு அவர் மொழியில் ஜெபிக்க ஆள் வேண்டும். ஆனால் திருவான்மியூரில் ஆங்கில ஆராதனைக்குப் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை வீட்டில் பேசுவது தமிழ். அங்கே ஆங்கிலம் பிரசங்கத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது என்பதைவிட, யார் உள்ளே வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதே உண்மை. அப்படிக் கூடுகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டி ஆசீர்வாதம் என்கிறார்கள். அடையாறிலோ மயிலாப்பூரிலோ உள்ள பழைய சபைகளிலிருந்து வசதியானவர்கள் இடம் மாறி வந்ததை எப்படி வளர்ச்சி என்பது? பழைய சபையில் ஏழைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்துக் குடும்பம் இங்கே வந்துவிட்டால், இரண்டு இடத்திலும் சபை குறுகித்தான் போகிறது.

விசுவாசிகளுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியது அந்தியோகியாவில். அந்தச் சபையை நடத்தியவர்களின் பட்டியல் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது: சீப்புருத் தீவின் லேவியனான பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த சிரேனே ஊரான் லூகி, ஏரோதோடு அரண்மனையில் வளர்ந்த மனாயீன், தர்சுப் பட்டணத்துச் சவுல். எந்தச் சந்தை ஆய்வும் இவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்திருக்காது. அதே ஊரில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்தியபோது, பவுல் எல்லோர் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதம் என்று அவர் கண்டார்.

கொரிந்து சபைக்கு அவர் எழுதியதும் நம் திருவான்மியூருக்கு அப்படியே பொருந்தும். அங்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு கர்த்தருடைய பந்தியில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்; இல்லாதவர்கள் பசியோடு நிற்பார்கள். அப்படிக் கூடினால் அது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றார் பவுல்.

ஆகவே, இந்தப் பகுதியில் அடுத்த சபைக்கு ஹால் தேடுகிறவர்கள் வாடகை பேசுவதற்கு முன் ஒரு காரியம் செய்யட்டும். குப்பத்திலும் கண்ணகி நகரிலும் இருக்கிற விசுவாசிகளிடம் போய், உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும், எந்த இடம் எட்டும் என்று கேட்கட்டும். சபைக் கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே அவர்களும் உறுப்பினர்களாக இருக்கட்டும். ஆராதனை தமிழில் நடக்கட்டும். ஆங்கிலம் வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வன்னியர்' என்று விளம்பரம் கொடுப்பதைப் பற்றிப் பிரசங்க மேடையிலிருந்தே பேசட்டும். இதனால் பத்து வருஷமானாலும் நாற்பது பேர்தான் சேருவார்கள் என்றால், அந்த நாற்பது பேரோடு நடக்கட்டும். கடைசி வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிறவர் வந்து சேரும்வரை அப்பத்தைப் பிட்காமல் காத்திருக்கட்டும்; கொரிந்தியருக்குப் பவுல் இட்ட கட்டளையும் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான்.