இலவசக் குண்டின் அடக்க விலை

"காசு மிச்சம்" என்று யாராவது சொன்னால் என் கை தானாகக் கால்குலேட்டரைத் தேடும். பி.காம் படிக்கிற தோஷம். அமெரிக்காவில் வீட்டு காரேஜில் உட்கார்ந்து துப்பாக்கிக் குண்டு செய்கிற ஒரு பொழுதுபோக்குக் கூட்டம் உண்டு. அவர்கள் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அவர்கள் காட்டும் கணக்கு மேல்தான்!

புரியாதவர்களுக்காக: நாம் மொத்தமாகத் 'தோட்டா' என்பது நாலு சாமான். பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மிஞ்சும் கூட்டில் மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டால் அது ரீலோடிங். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், கடையில் வாங்கும் அந்தக் குண்டையும் தாங்களே செய்கிறார்கள். ஈயத் துண்டை மெல்லிய உலோக உறைக்குள் வைத்து அச்சில் அழுத்தி எடுப்பது, பெயர் ஸ்வேஜிங். உறைக்கு என்ன செய்வது? அங்கேதான் 'இலவசம்' வருகிறது. சுடும் பயிற்சித் திடலில் குப்பையாகக் கிடக்கும் பாயின்ட் 22 கூடுகளைப் பொறுக்கி, விளிம்பை நிமிர்த்தினால் உறை ரெடி.

யோசனை பழசு. 1943-இல், உலகப் போர் நேரத்தில் நல்ல குண்டு கிடைக்காதபோது, கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் தன் அப்பாவின் சலவைக் கடைப் பின்கட்டில் இதற்கான அச்சுகளைச் செய்ய ஆரம்பித்தார். ராக் சக் என்கிற, பாறைப் பொந்தில் வாழும் அணில் சாதிப் பிராணியைச் சுடுவதற்கான குண்டு. 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்பதன் சுருக்கம்தான் ரீலோடிங் கருவிகளில் இன்றும் பெரிய பெயரான ஆர்.சி.பி.எஸ். ஜாய்ஸ் ஹோர்னடியும் வெர்னன் ஸ்பியரும் ஆரம்பத்தில் இதே பாயின்ட் 22 கூடுகளை வைத்துத்தான் குண்டு செய்தார்கள். அப்போது அது நியாயம். கடையில் இல்லாத பொருளுக்கு எந்த விலையும் மலிவுதான்.

இப்போதைய கணக்குக்கு வாங்க. வாதத்துக்கு வைத்துக்கொள்வோம்: அச்சும் பிரஸ்ஸும் சேர்த்து 1,000 டாலர். ஒரு குண்டுக்கு 10 சென்ட் மிச்சம். முதலீடு திரும்பவே 10,000 குண்டு செய்ய வேண்டும். ஒவ்வொரு கூட்டையும் கழுவ, சூடாக்கி மென்மையாக்க, விளிம்பை எடுக்க, ஈயம் வார்க்க, எடை பார்க்க, உள்ளே அழுத்த, முனை பிடிக்க... மணிக்கு 60 என்று தாராளமாகவே போடுகிறேன். மணிக்கு 6 டாலர் சம்பாத்தியம். 2009 முதல் மாறாமல் கிடக்கும் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே 7.25 டாலர்! இதில் தேய்மானம் இல்லை, கெட்டுப்போன குண்டு இல்லை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஆனால் உழைப்பு என்ற வரியை மட்டும் அழிக்காதீர்கள். (அடக்க விலைக் கணக்கியல் முதல் யூனிட்டிலேயே இருக்கிறது மக்களே.)

கிடைப்பதும் ராஜ குண்டு இல்லை. அந்த உறை மெல்லிசு, அதிவேகத்தில் பிய்ந்துவிடும்.

"தட்டுப்பாடு வந்தால்?" இதுதான் அவர்களின் பிரம்மாஸ்திரம். 2020-21-இல் தட்டுப்பாடு வந்ததே, கடைகளில் முதலில் தேட வேண்டியிருந்தது பிரைமரை. அதை எந்த ஸ்வேஜிங் பிரஸ்ஸும் பெற்றுப் போடாது. நாலில் ஒன்றைச் செய்துவிட்டுத் தன்னிறைவு என்பது, பருப்பு இல்லாத வீட்டில் கறிவேப்பிலைச் செடி வைத்துக்கொண்டு சாம்பார் ரெடி என்பது போல.

பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களும் குண்டு செய்கிறார்கள். 100, 200 கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரே துளையில் விழ வேண்டும் என்ற பைத்தியம் அது. உறையைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள், மிச்சம் பிடிப்பதாகச் சொல்வதில்லை. இஷ்டம், செலவு செய்கிறேன் என்கிறார்கள். அதற்கு நான் பேனாவை மூடிவிடுவேன்.

(நம்மூரில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்தால் ஜெயில்தான்.)

எனக்கு உண்மையில் கோபம் வருவது கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு செலவு பற்றி. ஈயம் உருக்கும்போது வரும் ஆவிதான் ஆபத்து என்று நினைத்து ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். பெரிய வில்லன் தூசு. பெரும்பாலான பாயின்ட் 22 தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்திலேயே ஈயக் கூட்டுப்பொருள் இருக்கிறது. சுட்ட கூட்டின் உட்புறம் அது ஒட்டியிருக்கும். அதை உலர்ந்த தவிட்டிலோ கொட்டை ஓட்டுத் தூளிலோ போட்டுக் குலுக்கிச் சுத்தம் செய்தால் ஈயத்தூசு காரேஜ் முழுக்கப் பரவும். கையில், சட்டையில், செருப்பில் ஏறி வீட்டுக்குள் வரும். தரையில் தவழ்வது அப்பா இல்லை, குழந்தை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. அமெரிக்காவின் சி.டி.சி. 2021-இல் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது.

ஈரமாகவே கழுவலாம். தனி உடுப்பு, தனிச் செருப்பு வைக்கலாம். கை கழுவாமல் எதையும் தொடாமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் காசும் நேரமும் ஆகும். 'இலவசம்' என்று ஆரம்பித்தவர் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். உறை சும்மா கிடைத்தது, ஈயம் சும்மா கிடைத்தது என்று எழுதுகிறவர், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, அந்த பில்லையும் பற்றுப் பக்கத்தில் எழுதட்டும்.