அறுவைக்கு முன் அந்த ஒரு பக்கம்

குழந்தையின் வயிற்றில் கட்டி என்று ஸ்கேன் சொன்னதும் வீட்டார் முதலில் கேட்பது, எத்தனை சென்டிமீட்டர் என்றுதான். அறிக்கையும் அதையே முதலில் சொல்கிறது. நியூரோபிளாஸ்டோமா எனப்படும் நரம்புத் திசுப் புற்றுநோயில் அளவு மட்டும் தெரிந்து பயனில்லை. கட்டி எதை வளைத்துப் பிடித்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதைக் குறிப்பிடாத ஸ்கேன் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்தக் குழந்தைக்கும் அறுவை செய்யக்கூடாது என்பதே நமது நிலைப்பாடு.

மூளைக்கு வெளியே குழந்தைகளுக்கு வரும் திடக்கட்டிப் புற்றுநோய்களில் இதுவே மிகுதி. பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலோ, முதுகெலும்பை ஒட்டிய நரம்புக் கணுக்களிலோ தோன்றுகிறது. இடமே வில்லங்கமானது. பெருந்தமனியும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அருகில், தண்டுவடம் பின்னால்.

முன்பெல்லாம் நோயின் நிலையை அறுவைக்குப் பிறகே குறித்தார்கள், எவ்வளவு எடுக்க முடிந்தது என்று பார்த்து. துணிச்சலான மருத்துவர் கையில் ஒரு நிலை, நிதானமானவர் கையில் வேறு நிலை! 2009இல் சர்வதேச நிபுணர் குழு இதை மாற்றியது. சிடி அல்லது எம்ஆர்ஐ படத்திலேயே தேட வேண்டிய 20 அபாயக் குறிகளைப் பட்டியலிட்டது. பரவாத கட்டியில் ஒரு குறியும் இல்லையென்றால் எல்1 நிலை. ஒன்று இருந்தாலும் எல்2. 2011இல் வந்த வழிகாட்டுதல், சொற்களுக்கும் வரையறை தந்தது. தமனியின் சுற்றளவில் பாதிக்கு மேல் கட்டி பிடித்திருந்தால்தான் அது வளைப்பு. குறைவாக இருந்தால் வெறும் தொடுதல். சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களுக்கு மட்டும் தனி விதி: தொட்டாலே குறிதான்.

குறி இருந்தால் பொதுவாக முதலில் திசுச் சோதனை, பிறகு கீமோ. கட்டி சுருங்கியதும் மறுபடி படமெடுத்து அறுவையை முடிவுசெய்கிறார்கள். அவசரப்பட்டால் ரத்தப்போக்கு முதல் சிறுநீரக இழப்பு வரை நேரலாம்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. ஒரே படத்தை இரு கதிரியக்க மருத்துவர்கள் இருவிதமாகப் படிப்பதுண்டு. குறி இருந்தும் தேர்ந்த கைகள் பத்திரமாக அகற்றியதுண்டு. எம்ஒய்சிஎன் மரபணுப் பெருக்கமும் குழந்தையின் வயதும் உயிர்பிழைப்பை இன்னும் ஆழமாகத் தீர்மானிக்கின்றன. எல்லாம் சரியே. ஆனால் மரபணு முடிவு வருமுன் கையில் இருப்பது படம்தான். கருத்து வேறுபாடு வருமென்றால், இருவரும் ஒரே படிவத்தில் எழுதினால்தானே எதில் வேறுபடுகிறார்கள் என்பதே தெரியும்?

படம் 'பொறு' என்றும் சொல்லும். 1985 முதல் ஜப்பான் கைக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து இந்நோயைத் தேடியது. தானாகவே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளையும் வெட்டுவதில் அது முடிந்ததால், 2004இல் கைவிட்டது. மாறாக, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் சிறிய அட்ரினல் கட்டிகளை அல்ட்ராசவுண்டில் கண்காணித்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஐந்தில் நான்கு பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை. அனைவரும் உயிரோடிருந்தார்கள்.

நோய் பரவியிருக்கிறதா என்பதற்கு, எம்ஐபிஜி என்னும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன். பத்தில் ஒன்பது கட்டிகள் அந்த மருந்தை ஈர்த்துக்கொள்கின்றன. இதற்கு உகந்த அயோடின்-123இன் அரை ஆயுள் 13 மணி நேரமே. சைக்ளோட்ரானில் தயாரித்த கையோடு பயன்படுத்த வேண்டும். அது கிடைக்காத இடங்களில் அயோடின்-131 கைகொடுக்கிறது; படம் மங்கல், குழந்தைக்குக் கதிர்வீச்சும் கூடுதல். இங்கே அரசு பணம் செலவழித்தாக வேண்டும், வேறு வழியில்லை.

குறிகளை எழுதவோ பணம் வேண்டாம். செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்தே நோயின் போக்கைச் சொல்லிவிடும் என்று மாநாடுகளில் பேசுகிறார்கள், சொல்லட்டும். அதற்குக் கற்றுக்கொடுக்கவும் ஒழுங்காக எழுதிய அறிக்கைகள்தான் வேண்டும்.

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி மருத்துவர்களை ஒன்றாக உட்காரவைத்து மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு பக்கப் படிவத்தை உருவாக்கட்டும். ஒவ்வொரு குறிக்கும் நேராக 'உண்டு', 'இல்லை', 'தெளிவில்லை' என மூன்று கட்டங்கள். கீழே, படத்தைப் படித்த மருத்துவரின் கையொப்பம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கு முன் அனுமதி கோரும்போது, அந்தப் பக்கம் இணைக்கப்படாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.