எகிப்து ரகசியம் இல்லங்க, இத்தாலிச் சீட்டாட்டம்!

1/ போன வாரம் ஓபி-யில ஒரு அம்மா. மார்புல கட்டி. "நாலு மாசமா இருக்கு டாக்டர். டாரட் பார்த்தேன், மரணக் கார்டு வரல. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க." அந்தக் கார்டோட வரலாற்றை அவங்களுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

2/ "பழங்கால எகிப்து ஞானம்"னு ரீல்ஸ்ல அடிச்சு விடுறாங்க. கிடையவே கிடையாது. டாரட் என்பது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலன், ஃபெராரா அரசவைகளில் பொழுதுபோக்குக்கு ஆடிய சீட்டு. அதிலுள்ள படச் சீட்டுகள் நம்ம துருப்பு மாதிரி, மற்ற சீட்டை வெட்டத்தான். 'மரணம்' அதுல ஒரு துருப்பு. அவ்வளவுதான். பிரான்சில் டாரட் சீட்டாட்டம் இன்னிக்கும் உண்டு.

3/ அப்போ எகிப்து எங்கிருந்து வந்துச்சு? 1781, பாரிஸ். கூர் த ஜெபெலின் என்ற அறிஞர், இது எகிப்திய பூசாரிகள் ஒளித்துவைத்த தோத் தெய்வத்தின் நூல் என்று எழுதினார். ஆதாரம்? பூஜ்யம். எகிப்திய சித்திர எழுத்தை ஷாம்பொலியோன் படித்துக் காட்டியதே 1822-ல். அதாவது 41 வருஷம் கழிச்சு! படிக்கவே தெரியாத எழுத்துக்கு இவர் அர்த்தம் சொல்லியிருக்கார்.

4/ கடை விரிக்க ஆள் வேணுமே? 1785-ல் அலியெட் என்ற குறிசொல்லி, தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'எத்தெய்யா' ஆகி, டாரட்டில் குறி பார்க்கப் புத்தகம் போட்டார். 1850-களில் எலிஃபாஸ் லெவி அதோட ஹீப்ரு எழுத்துகளைக் கோர்த்தார். இன்னிக்கு ரீல்ஸ்ல பார்க்கிற படங்கள் பெரும்பாலும் 1909-ல் லண்டனில் வந்தவை அல்லது அதன் நகல்கள்.

5/ டாக்டரா எனக்கு உறைக்கிற இடம் இதுதான். 1783-ல், மெஸ்மரின் 'காந்த சிகிச்சை' தன்னைக் குணப்படுத்தியதா ஜெபெலின் ஊரறிய எழுதினார். 1784-ல் இறந்துட்டார். அதே வருஷம் ஃபிராங்க்ளின், லவாய்சியர் இருந்த குழு, நோயாளிகளின் கண்ணைக் கட்டிச் சோதித்தது. காந்தம் செலுத்துறாங்கன்னு நம்பினா உடம்பு துள்ளுது. தெரியாம செலுத்தினா ஒண்ணுமே இல்ல. எல்லாம் கற்பனைன்னு அறிக்கை கொடுத்தாங்க.

6/ "மனசுக்கு ஆறுதல்தானே டாக்டர், விடுங்களேன்"னு சிலர் வருவீங்க. ஆறுதல் தப்பில்ல. ஆனா கட்டிக்கு உங்க ஆறுதல் தெரியாது. அது பாட்டுக்கு வளரும். சீட்டு வேணும்னா தாராளமா ஆடுங்க. கட்டி தட்டுப்பட்டா டாக்டர்கிட்ட காட்டுங்க, மேமோகிராம் எடுங்க.

7/ அந்த அம்மாவுக்கு பயாப்சி எடுத்தாச்சு. ரிசல்ட் இன்னும் வரல. நாலு மாசம் முன்னாடியே வந்திருக்கலாம்.