உப்பளக் கரையில் ஓராண்டுத் தொண்டு

தொண்டு மன்றங்களின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஒரே சாயலில் அமைந்திருக்கக் காண்கிறோம். கண் மருத்துவ முகாம் இத்தனை, குருதிக் கொடையாளர் இத்தனை பேர், நட்ட மரக்கன்றுகள் இத்தனை, ஏழை மாணவர்க்கு அளித்த குறிப்பேடுகள் இத்தனை என்று எண்கள் அணிவகுத்து வரும். ஈற்றில் பொன்னாடையும் புகைப்படமும் இடம்பெறும். இவற்றை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. தம் பணத்தையும் விடுமுறை நாளையும் பிறர்க்கென ஈவோர் எந்நாளும் போற்றுதற்குரியோரே. ஆயினும் ஈவோர் கணக்கு எழுதப்படுவதுபோல் பெறுவோர் கணக்கும் எழுதப்படுகிறதா என்னும் ஐயம் நமக்குண்டு. அதனை மரக்காணம் உப்பளக் கரையை முன்னிறுத்தி ஆராய விழைகிறோம்.

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணத்தை வெண்குவியல்களாகவே அறிவர். மூவாயிரம் ஏக்கரைத் தாண்டும் அவ்வுப்பளங்கள் தமிழகத்தின் பெரிய உப்பளத் தொகுதிகளுள் ஒன்று. தமிழ் மாணவர்க்கோ அவ்வூர் வேறொரு வகையிலும் உறவுடையது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் ஆய்வாளர். உப்பு வண்டிகளுடன் வழிநடக்கும் உமணரையும், அவர்தம் சிறாரொடு விளையாடும் மந்தியையும் அந்நூலில் காண்கிறோம். உப்பின் வணிகம் அன்றே பாட்டில் ஏறிவிட்டது. உப்பு விளைவிப்போரின் வாழ்வு இன்றும் அறிக்கையில் ஏறவில்லை என்பதே நம் குறை.

உப்புத் தொழில் முற்றிலும் வெயிலை நம்பிய தொழில். கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்திச் சுண்டவைக்க வேண்டும். போமே அளவையில் ஏறத்தாழ மூன்று பாகையாக உள்ள நீர் 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்கினால் கசப்பு உப்புகளும் கலந்து சரக்கு கெடும். ஆகவே சனவரி, பிப்ரவரியில் தொடங்கும் உற்பத்தி வடகிழக்குப் பருவமழை தலைகாட்டும்போது நின்றுவிடுகிறது. ஒரே மழையில் பாத்தி கரைந்து, வரப்பு உடைந்து, விளைந்த உப்பும் நீராகிவிடும். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது அந்நகரில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மிகுதியாக மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் ஏரிபோல் ஆயின. 2011 திசம்பரில் தானே புயலும் இக்கரையை விட்டுவைக்கவில்லை.

ஆக, உப்பளத் தொழிலாளிக்குப் பசி வரும் காலம் நாட்காட்டியிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது: அக்டோபர் முதல் ஆண்டின் இறுதிவரை. அக்காலத்தை வரும் பருவத்துக் கூலியின்பேரில் முன்பணம் பெற்றுக் கடத்தும் குடும்பங்கள் உண்டு. மன்றங்களின் ஆண்டோ சூலைத் திங்களில் பிறக்கிறது. பொறுப்பேற்பு விழாவின் சூட்டோடு சூலையிலும் ஆகஸ்டிலும் அரிசிப் பைகள் வழங்கப்படுகின்றன. உப்பு வாரும் கூலி கையில் புரளும் நாள்களில் அரிசி கிடைக்கிறது. அடுப்பு அணையும் கார்த்திகையில் மன்றங்கள் அடுத்த விழாவுக்கு ஆயத்தமாகின்றன. கொடை குறைந்ததன்று, காலம் தவறியது. அதே அரிசியை நான்கு திங்கள் கழித்து வழங்கினால் ஒரு காசும் கூடுதலாகச் செலவாகாது.

கண் மருத்துவ முகாம்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 1925இல் எலன் கெல்லர் அம்மையார் அரிமா சங்கத்தாரின் மாநாட்டில் தோன்றி, பார்வையற்றோர்க்குத் துணைநிற்குமாறு வேண்டிய நாள்தொட்டு அச்சங்கங்கள் கண்பணியைத் தலையாய பணியாகக் கொண்டுள்ளன. தமிழகத்தில் 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அப்பணிக்குப் பெருந்துணையாக வளர்ந்தது. புதுச்சேரியிலும் அதன் கிளை உண்டு. முகாமில் கண்புரை கண்டறியப்பட்டு ஒளி பெற்ற முதியோர் எண்ணற்றோர். இதனினும் மேலான அறம் யாது? ஆனால் உப்பளத்தில் கண் கெடுவது முதுமையால் மட்டுமன்று. நண்பகலில் வெண்பாத்தி எதிரொளிக்கும் வெயில் நாள்தோறும் கண்ணைத் தாக்குகிறது. உப்புநீரில் ஊறிய பாதம் வெடிக்கிறது. வெடிப்பில் உப்பு ஏறிப் புண்ணாகிறது. முகாமில் புரையகற்றி அனுப்பும் நாம், அதே மனிதரை மறுவாரம் வெறுங்கண்ணோடும் வெறுங்காலோடும் அதே பாத்தியில் இறங்கவிடுகிறோம். ஒரு கறுப்புக் கண்ணாடியும் ஓரிணை கம்பூட்ஸும் கொடுப்பதற்குப் பெரும் மேடை வேண்டா. அவை ஓராண்டில் தேய்ந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் கொடுக்கவேண்டும் என்பது மட்டும் சற்று வசதிக் குறைவு!

குருதிக் கொடையிலும் இதே நிலைதான். தலைவரின் பிறந்த நாளில் நூறு பேர் வரிசையில் நிற்பது கண்கொள்ளாக் காட்சியே. ஆனால் வழக்கமான முறையில் சேமிக்கும் குருதியை 35 நாள்கள்வரைதான் வைத்திருக்க இயலும். திங்கள்தோறும் பத்துப் பேர் சென்றால் மருத்துவமனைக்கு ஆண்டு முழுதும் ஆறுதல்.

மரக்கன்று நடுவோர் மண்ணைப் பார்த்து நடல் வேண்டும். உவர்நிலத்தில் அழகுக்காக நடப்படும் பூமரக்கன்று புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது. பனையும் புன்னையும் தாழையும், பற்குச்சிக்குப் பெயர்பெற்ற உகாயும் உவர்க்காற்றுக்கு அஞ்சாதவை. பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்துள்ள கழுவேலிச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த மண்ணில் எது தழைக்கும் என்பதை அதன் கரையே காட்டும்.

இனி நாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. பரிசில் பெற்றவன் பெறாதவனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்னாரைக் காண்க என்று நெறிப்படுத்துவதே ஆற்றுப்படையின் இலக்கணம். அவன் தன் கையிலிருந்து ஒன்றும் கொடுப்பதில்லை, வழியைக் கொடுக்கிறான். உப்பளத் தொழிலாளிக்கு இன்று மிகத் தேவைப்படுவது அவ்வழியே. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியத்தில் அவர் உறுப்பினராகலாம். விபத்து, ஓய்வூதியம், மக்களின் கல்வி எனப் பல உதவிகள் அதன் வழியாக உண்டு. அண்மை ஆண்டுகளில் உப்பு உற்பத்தியற்ற மழைக்காலத்துக்கென்று குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணத்தையும் தமிழக அரசு வழங்கி வருகிறது. இவற்றைப் பெறப் பதிவும் சான்றும் வங்கிக் கணக்கும் வேண்டும். விடியுமுன் பாத்தியில் இறங்கி, களைத்து வீடு திரும்பும் ஒருவர் எந்த அலுவலகத்தில் எந்நேரம் போய் நிற்பார்? அரைநாள் கூலியை இழந்து சென்றால், ஒரு தாள் குறைகிறதென்று திருப்பி அனுப்பப்படுகிறார். எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் உடன் சென்றால் அவ்வேலை முடிந்துவிடும். அரிசிப் பை பத்து நாள் உணவு. நலவாரிய அட்டை ஆண்டாண்டுக்கும் உதவும் உரிமை.

இதற்கு ஆளில்லை என்று எவரும் கூற இயலாது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவரோடு தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் இன்று ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்பது அதன் விதி. கோயில் வளாகத்தையும் பள்ளிவாசல் தெருவையும் பெருக்கிக் கழிக்கும் மணிகளில் ஒரு பாதியை உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் படிவம் நிரப்பச் செலவிட்டால் ஒரு பருவத்துக்குள் ஊர் முழுதும் பதிவாகிவிடும். துடைப்பம் தாழ்ந்ததென்று நாம் சொல்லவில்லை. பேனாவும் தொண்டுக் கருவியே என்கிறோம்.

செல்வர்க்கும் ஒரு சொல். சக்காத்து பெறுதற்குரியோர் எண்வகையினரைத் திருமறை வகுக்குமிடத்து, ஏழையரோடு கடன்பட்டோரையும் தனி வகையாக எண்ணுகிறது. புடவையும் பணமுடிப்பும் ஈதல் நன்றே. ஆயினும் முன்பணக் கடனில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கணக்கைத் தீர்த்துவிடுவது அவர்தம் கூலியை அவர்க்கே மீட்டுத் தருவதாகும். கடன் தீர்ந்தவர் எந்த உப்பளத்தில் நல்ல கூலியோ அங்குச் செல்வார். இவ்வகைக் கொடைக்குப் புகைப்படம் எடுக்கலாகாது. கடன்பட்டவர் முகம் சுவரொட்டிக்கு உரியதன்று.

2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயத்துக்குப் பத்துப் பேருக்கும் மேல் பலியாயினர். இறந்தோர் வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் பலர் சென்றனர். அவ்வாறு சென்றோரில் எத்தனை பேர் மறு ஆண்டும் அத்தெருவில் நுழைந்தனர் என்பதை அவரவர் அறிக்கையில் தேடிப் பார்க்கலாம்.

வரும் ஆண்டறிக்கைகளில் மூன்று பத்திகளைப் புதிதாகச் சேர்க்குமாறு மன்றத்தாரையும் மாணவரையும் கேட்டுக்கொள்கிறோம்: உதவி வழங்கிய திங்கள் எது, உரிமை அட்டை பெற்றுத் தந்தது எத்தனை பேருக்கு, சென்ற ஆண்டு உதவிய குடும்பத்தை இவ்வாண்டு மீண்டும் கண்டதுண்டா. முதல் பத்தியை நிரப்ப அக்டோபருக்கு முன்னரே நிதி திரட்டியாக வேண்டும். பொறுப்பேற்பு விழாச் செலவிலிருந்தே அதைத் தொடங்கலாம்.