பில்லில் கார்டின் முழுப் பெயரை எழுதுங்கள்

கிராண்ட்பாஸில் எமது அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள தோட்டத்து வீடொன்றில் போன மாதம், கணினித் திரைக்குப் படம் தரும் வீஜீஏ கார்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தோம். புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்யும் ஒரு தகப்பன், சீட்டு எடுத்த காசில் பதினேழு வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தது. பெட்டியில் ஜீடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று பளபளப்பான எழுத்து. கேமைத் திறந்தால் படம் தத்தித் தத்தி நகர்கிறது. டிரைவரைப் புதுப்பித்தால் திரை கறுத்துப்போகிறது. கார்டின் பின்புறத்தில், பழைய மொனிட்டர்களுக்கான பதினைந்து துளை நீலநிறச் சொக்கட். அந்தச் சொக்கட்டுக்குரிய அனலொக் சமிக்ஞையை அசல் 1050 டிஐ சில்லு தருவதே இல்லை. ஜிபியூ-இசட் என்ற இலவசச் செயலியைப் போட்டதும், கார்டின் பெயருக்கு முன்னால் 'போலி' என்ற எச்சரிக்கை வந்து நின்றது. எப்போதோ காலாவதியான சில்லொன்றின் பயோஸை மாற்றியெழுதிப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

திருப்பிக் கொண்டுபோன தகப்பனிடம், "நாங்கள் அப்படிச் சொல்லி விற்கவில்லை" என்றாராம் கடைக்காரர். பில்லை வாங்கிப் பார்த்தோம். 'வீஜீஏ 4 ஜிபி - 1'. வேறு ஓர் எழுத்துக்கூட இல்லை.

இந்த ஒற்றை வரிப் பில்லை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். போலியை விற்பவர் சிலராக இருக்கலாம். ஆனால், நாணயமாக வியாபாரம் செய்யும் கடைகளும் இப்படித்தான் பில் எழுதுகின்றன. போலிக்காரன் ஒளிந்துகொள்வது அந்தப் பழக்கத்தின் நிழலில்தான்.

நினைவகத்தின் ஜிபி கணக்கை மட்டும் காட்டி விற்பதே ஓர் ஏமாற்று. 4 ஜிபி கொண்ட ஜீடி 730 கார்டை விட, 2 ஜிபி மட்டுமே உள்ள ஜீடிஎக்ஸ் 1050 கேமில் பல மடங்கு வேகமானது. ஜீடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. ஒன்றின் நினைவகம் ஜீடிடிஆர்5. விநாடிக்கு 48 ஜிபி தரவு ஓடும். மற்றதில் டிடிஆர்4; 16.8 ஜிபிதான். இரண்டுமே 2 ஜிபி கார்டுகள். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு இதை யார் சொல்வது? ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் அதுவே. 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், 6 ஜிபி கார்டில் 2304.

குற்றத்தில் தயாரிப்பாளருக்கும் பங்குண்டு. இரு வேறு சில்லுகளுக்கு ஆர்டிஎக்ஸ் 4080 என்று ஒரே பெயரை வைத்த என்விடியா, வாங்குவோரின் கண்டனத்துக்குப் பிறகு 2022 ஒக்டோபரில் அதில் 12 ஜிபி கார்டை விலக்கிக்கொண்டது. தட்டிக்கேட்டதால்தான் அந்தத் திருத்தம் வந்தது.

பழைய கார்டுகளின் கதை வேறு. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம், இந்தக் கார்டுகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டெல்லாம் கெட்டது என்று நாம் சொல்லமாட்டோம். விசிறியை மாற்றி, பேஸ்ட் பூசினால் நன்றாக உழைப்பவையும் உண்டு. பழையதைப் பழையதென்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். துடைத்துப் பெட்டியில் போட்டுப் புதியது என்று விற்பது களவு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. அரிசிக் கடையில் விலைப்பட்டியல் தேடிச் செல்லும் அதிகாரிகள் கணினிக் கடைகளின் படியையும் ஏறவேண்டும். கார்டின் முழுப் பெயர், நினைவகத்தின் வகை, தொடர் இலக்கம், புதியதா பழையதா என்ற விபரம், வொரண்டிக் காலம் ஆகிய அனைத்தும் விலைச்சீட்டிலும் பில்லிலும் இருக்கவேண்டுமென அதிகார சபை பணிப்புரை விடுக்கவேண்டும். பழைய கார்டானால், வாங்குபவரின் கண்முன்னே பூட்டி ஓடவிட்டுக் காட்டவேண்டும். இதற்குக் கடைக்காரருக்கு ஆகும் செலவு ஐந்து நிமிடமும் நாலு வரி மையும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும். முழுப் பெயர் எழுதிய பில் கைக்கு வராமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.